ஆகாசகருடன் கிழங்கு: வாசலில் தொங்கட்டும், வயிற்றுக்குள் வேண்டாம்

கேள்வி இதுதான்: "புது வீட்டுக்குக் குடிபோகிறோம். மாமியார் ஆகாசகருடன் கிழங்கு வாங்கி நிலைவாசலில் கட்டச் சொல்கிறார். கண் திருஷ்டி, ஏவல், பில்லி எல்லாம் அண்டாதாம், பாம்பு வராதாம். அரைத்துக் கொடுத்தால் விஷக்கடியே முறியுமாம். தண்ணீர் ஊற்றாமல் காற்றைக் குடித்தே வளரும் என்கிறார்கள். இதில் எது உண்மை, எது கதை?"

கட்டுங்கள். சாப்பிடாதீர்கள். பாம்பு கடித்தால் இதன் பக்கமே திரும்பாதீர்கள். சுருக்கமாகக் கேட்டால் என் பதில் இவ்வளவுதான். விரிவாகச் சொல்லவும் ஆசை, ஏனென்றால் நான் தாவரவியல் பாடம் நடத்துகிறவன். என் வீட்டு வாசலிலேயே இந்தக் கிழங்கு ஒன்று தொங்குகிறது. அம்மா கட்டியது. "நீ படிச்சது உன்னோட, இது என்னோட" என்று சொல்லிவிட்டு ஸ்டூல் போட்டு ஏறினார். பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

முதலில் கிழங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரிய முள்ளங்கியும் பீட்ரூட்டும் சேர்ந்தாற்போல ஒரு உருவம். தோல் மங்கலான மண் நிறம், குறுக்கே வளையம் வளையமாகச் சுருக்கங்கள். மேல்முனையில் போன வருடத்துக் கொடி உதிர்ந்த தழும்பு, அதைச் சுற்றிக் குண்டூசித் தலை அளவில் மொட்டுகள். நறுக்கினால் உள்ளே வெள்ளை, விரலில் ஒட்டும் வழவழப்பு. நாக்கில் வைக்கச் சொல்லமாட்டேன். கசக்கும். அந்தக் கசப்புக்குப் பிறகு வருகிறேன்.

வெள்ளரி, பூசணி, பாகல், கோவை எல்லாம் இருக்கிற குடும்பத்தைச் சேர்ந்த கொடி இது. இலையைப் பார்த்தால் கோவை என்றே நினைப்பீர்கள். கொல்லங்கோவை என்று இன்னொரு பெயரும் உண்டு. தமிழ்நாட்டின் வறண்ட புதர்க்காடுகளிலும் வேலியோரங்களிலும் மழைக்குப் பிறகு தளதளவென்று ஏறும். கோடையில் கொடி முழுக்கக் காய்ந்து உதிர்ந்துவிடும். மண்ணுக்குள் கிழங்கு மட்டும் அடுத்த மழைக்காகக் காத்திருக்கும். இங்கே மட்டுமல்ல, ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளிலும் இதே கொடி இருக்கிறது. பழம்தான் அழகு: நடுவில் செக்கச் சிவப்பு, அடியும் நுனியும் பச்சை, நுனியில் கிளி மூக்கு மாதிரி ஒரு கூர்.

இதன் அறிவியல் பெயர் கொரல்லோகார்பஸ் எபிஜியஸ். முதல் பாதிக்குப் பவழக்கனி என்று பொருள், அந்தப் பழத்துக்குப் பொருத்தம். 'எபிஜியஸ்' என்றால் தரைமேல் இருப்பது. நாம் ஆகாசத்தில் வைத்த செடிக்கு அறிவியல் பூமியில் பெயர் வைத்திருக்கிறது! அந்த இரண்டாம் பாதியை, 'எபிஜியா' என்ற வடிவில், முதலில் சூட்டியவர் யோகான் பீட்டர் ராட்லர், 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த சமயப் பணியாளர். செடி பொறுக்குவதும் அவருக்கு ஒரு வேலை. பிறகு சென்னை வேப்பேரியில் இருந்துகொண்டு தமிழ்–ஆங்கில அகராதி தொகுத்தாரே, அதே ராட்லர்தான். 1836இல் இறந்தார்.

சரி, காற்றைக் குடித்து வளர்கிறதா?

இல்லை. ஆனால் அப்படி நினைத்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது, கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. கட்டித் தொங்கவிட்ட கிழங்கு, மண்ணும் தண்ணீரும் இல்லாமல் சில வாரங்களில் முளைவிடுகிறது, இரண்டு மூன்று இலைகூட விரிக்கிறது. ஒரு எளிய சோதனை போதும். கட்டுவதற்கு முன்னால் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை இறக்கி மறுபடி நிறுங்கள். எடை குறைந்துகொண்டே வரும். தோலில் சுருக்கம் கூடும், தொட்டால் முதலில் இருந்த கல்தனம் போய்த் தொளதொளப்பு வரும். காற்றிலிருந்து எதையாவது குடித்திருந்தால் எடை கூடியிருக்க வேண்டும். அது தன் சேமிப்பைத் தின்று வாழ்கிறது. கிழங்குக்குள் மாவுச்சத்தும் தண்ணீரும் நிறைந்திருக்கின்றன; மேலே தக்கை போன்ற தோல் அந்தத் தண்ணீரை ஆவியாகவிடாமல் மூடி வைத்திருக்கிறது. மாதக்கணக்கான வறட்சியைத் தாண்டும் ஊர்ச்செடிக்கு இது ஒன்றும் புது வித்தை இல்லை. மண்ணுக்குள் வழக்கமாகச் செய்வதை நம் வாசலில் செய்து காட்டுகிறது, அவ்வளவுதான். மறந்துபோய் மூலையில் கிடக்கும் உருளைக்கிழங்கு கூடைக்குள்ளேயே முளைக்கிறதே, அதற்கு யாரும் மஞ்சள் பூசுவதில்லை.

கருடன் என்ற பெயரின் ரகசியமும் இந்த முளையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். கிழங்கைத் தலைகீழாகக் கட்டினால் மொட்டு இருக்கும் முனை கீழே வரும். முளை கீழ்நோக்கிக் கிளம்பி, விரலளவு நீண்டதும் வளைந்து மேலே திரும்பும். எல்லாச் செடிக்கும் மேல் கீழ் தெரியும். செல்லுக்குள் இருக்கிற மாவுமணிகள் எந்தப் பக்கம் போய்ப் படிகின்றனவோ அந்தப் பக்கம்தான் கீழ் என்று கண்டுகொள்ளும். அப்படி வளைந்த முளை ஒரு பறவையின் கழுத்து மாதிரி இருக்கும். இருபக்கமும் இலை விரிந்தால் இறக்கை. பருத்த கிழங்கு உடம்பு. கயிறு தெரியாத தூரத்திலிருந்து, அந்திநேர வெளிச்சத்தில் பார்த்தால், நிஜமாகவே ஏதோ ஒன்று வாசலில் பறந்து நிற்கிறது. முதல் தடவை அப்படிப் பார்த்தபோது எனக்கே ஒரு நொடி தூக்கிவாரிப்போட்டது.

பெயர் கருடன் என்று ஆனதும் மற்றதெல்லாம் தானாக வந்து சேர்ந்துகொண்டது. கருடனுக்கும் பாம்புக்கும் ஆகாது, ஆகவே கிழங்குக்கும் பாம்புக்கும் ஆகாது. கருடன் காவல் தெய்வம், ஆகவே கிழங்கும் காவல். நாட்டு மருத்துவத்திலும் மாந்திரீகத்திலும் இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் ஓடும்: உருவம் பெயரைத் தரும், பெயர் வேலையைத் தரும்.

மாந்திரீகப் பக்கத்தைக் கேலி செய்துவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை, அதில் ரசிக்கவும் நிறைய இருக்கிறது. மூலிகை எடுக்கிறவர்கள் கொடியைப் பார்த்ததும் பிடுங்கிவிட மாட்டார்கள். முதலில் மஞ்சள் நூலால் காப்புக் கட்டுவார்கள். பொங்கல் வைப்பதும், தேங்காய் உடைப்பதும் உண்டு. அப்புறம் சாப நிவர்த்தி: செடிக்கு இருக்கிற சாபம் நீங்கட்டும், அதன் சக்தி வேருக்குள்ளேயே நிற்கட்டும் என்று மந்திரம் சொல்வது. நாள் பார்ப்பார்கள், அமாவாசை, ஞாயிறு, கிரகண நேரம் என்று ஆளுக்கு ஒரு கணக்கு. தோண்டும்போது கிழங்கில் இரும்பு படக்கூடாது, நகம் படக்கூடாது, ஆணிவேர் அறக்கூடாது. எடுத்த வேர் தாயத்துக்குள் போகலாம், வாசலுக்கும் போகலாம். வசியம் (மயக்குவது), தம்பனம் (அசையாமல் நிறுத்துவது), உச்சாடனம் (விரட்டுவது), மாரணம் (கொல்வது) என்று அடுக்கும் எட்டு வித வேலைகளில் எதற்கு எந்த மூலிகை என்று பட்டியலே வைத்திருப்பார்கள். ஆகாசகருடன் அதில் காவலுக்கும் விரட்டுவதற்கும் உரியது, யாரையும் கெடுக்க அல்ல.

இந்த விதிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். இரும்பு படக்கூடாது என்பது. கடப்பாரை பட்டுத் தோல் கிழிந்த கிழங்கைத் தொங்கவிட்டுப் பாருங்கள், காயத்தின் வழியே பூஞ்சை ஏறிப் பத்தே நாளில் அழுகி நாறும். கையாலும் குச்சியாலும் மண்ணை விலக்கி முழுதாக எடுத்ததுதான் மாதக்கணக்கில் தாங்கும். விதியை வகுத்தவர் பூஞ்சையைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் இரும்பு பட்ட கிழங்கு 'சக்தி இழந்தது' என்று பார்த்திருப்பார், அது சரியான கவனிப்புதான்.

கட்டும் முறை உங்களுக்கே தெரிந்திருக்கும். கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கறுப்புக் கயிறு அல்லது கம்பளிக் கயிற்றில் நிலைக்கு மேலே. முளைத்துத் தழைத்தால் வீடு தழைக்கும். வாடினாலோ அழுகினாலோ, வீட்டுக்கு வந்த கெடுதலைத் தான் வாங்கிக்கொண்டது. இறக்கி ஓடும் தண்ணீரில் விட்டுவிட்டு வேறொன்று கட்ட வேண்டும். கவனித்தீர்களா, தலை விழுந்தாலும் பூ விழுந்தாலும் கிழங்குக்கே ஜெயம். தோற்கவே முடியாத இந்த ஏற்பாடு இருப்பதால்தான் இத்தனை காலம் நிற்கிறது.

வாசலில் நாம் கட்டுகிற மற்றதையும் பாருங்கள். திருஷ்டிப் பூசணிக்காய், படிகாரம், வேரோடு தலைகீழாகத் தொங்கும் கற்றாழை. எல்லாமே சீக்கிரம் கெடாதவை. கற்றாழை இலைக்குள் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு, துளைகளை இரவில் மட்டும் திறந்து மிச்சம் பிடிக்கிறது. ஆகாசகருடன் கிழங்குக்குள் தேக்குகிறது. பிடுங்கிப் போட்டாலும் சாகாத ஒன்றைக் காவலுக்கு நிறுத்த வேண்டும் என்று தோன்றியது இயல்புதானே. கீரைக்கட்டை யாரும் காவலுக்குக் கட்டுவதில்லை.

இப்போது மருந்து. சித்த மருத்துவத்தில் இந்தக் கிழங்குக்கு இடம் உண்டு. மேகநோய், வாத வீக்கம், வயிற்றுக் கிருமி, விஷக்கடி என்று சொல்லப்பட்டிருக்கிறது. சென்னை ராஜதானியில் மருத்துவராக இருந்த வைட்லா எய்ன்ஸ்லி, 1826இல் லண்டனில் வெளியிட்ட தன் இந்திய மருந்துப்பொருள் நூலில் நம் வைத்தியர்கள் இதைப் பயன்படுத்திய விதத்தை எழுதி வைத்திருக்கிறார். பழைய சீதபேதிக்கு இடித்த தூள் ஒரு வராகனெடை, நாளுக்கு ஒருமுறை, எட்டுப் பத்து நாள். தீராத மூட்டுவலிக்குச் சீரகம், வெங்காயம், விளக்கெண்ணெயோடு சேர்த்து மேலே பூசும் பற்று. நல்லபாம்புக்கடிக்குக் கொடுக்கும் மருந்துகளிலும் இது ஒன்று என்கிறார். வராகன் என்பது மூன்றரை கிராம் அளவுள்ள பொன் காசு. அந்தக் கொஞ்சத் தூளே பேதியாக்கும் என்பதையும் அவர் சேர்த்தே குறித்திருக்கிறார்.

ஏன் பேதி? அந்தக் கசப்புக்காகத்தான். பூசணிக் குடும்பத்தின் கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டசின் என்ற சேர்மங்கள். பூச்சியும் ஆடும் மேயாமல் இருக்க அந்தச் செடிகள் வைத்திருக்கும் தற்காப்பு. நாம் வயலில் வளர்க்கும் வெள்ளரியும் சுரையும் அதைப் பெருமளவு இழந்தவை, அதாவது கசக்காததாகப் பார்த்துப் பார்த்து விதை எடுத்து நாம் இழக்க வைத்தவை. சில சமயம் பழைய குணம் திரும்பும். 2010இல் டில்லியில் ஒரு விஞ்ஞானி கசந்த சுரைக்காய்ச் சாற்றை உடம்புக்கு நல்லது என்று குடித்து இறந்துபோனார். அதற்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு நிபுணர் குழுவை வைத்து ஆராய்ந்து, சாறு கசந்தால் கீழே கொட்டிவிடுங்கள் என்று சொன்னது. தோட்டத்துச் சுரைக்காயே இப்படி என்றால், காட்டுக் கிழங்கை அளவு தெரியாமல் அரைத்துக் குடிப்பதைப் பற்றி யோசித்துக்கொள்ளுங்கள். வயிற்றைப் பிரட்டும் வாந்தியும் பேதியும்தான் முதலில் வரும். அந்தக் காலத்தில் பேதியானால் 'கெட்டது வெளியேறுகிறது' என்று அதையே குணமாக எண்ணிக்கொண்டார்கள். உண்மையில் குடல் அலறுகிறது.

வெளிப்பூச்சைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. விளக்கெண்ணெய்ப் பற்றைச் சூடாகப் போட்டால் மூட்டு வலிக்கு இதமாக இருக்கும். அதில் கிழங்கின் பங்கு எவ்வளவு, சூட்டின் பங்கு எவ்வளவு என்பது வேறு விஷயம். புண் உள்ள தோலில் மட்டும் வேண்டாம். உள்ளுக்குச் சாப்பிட ஆசைப்பட்டால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். வேர், கிழங்குகளைச் 'சுத்தி' செய்யாமல், அதாவது நச்சைக் குறைக்கும் பக்குவம் செய்யாமல், தொடமாட்டார்கள் அவர்கள்.

இன்னொரு ஆபத்து, பெயர்க் குழப்பம். 'கருட' என்று தொடங்கும் மூலிகைகள் பல. அவற்றில் கருடக்கொடி என்பது முற்றிலும் வேறு செடி, ஈசுரமூலி என்றும் பெருமருந்து என்றும் சொல்வார்கள். அதுவும் கொடிதான், அதன் வேரும் பாம்புக்கடிக்குப் பெயர் போனதுதான். இரண்டும் ஒன்று என்று நினைத்து ஒன்றுக்குப் பதில் ஒன்றைக் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கருடக்கொடியில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மாத்திரை சாப்பிட்ட பெண்கள் ஏறத்தாழ நூறு பேருக்குச் சிறுநீரகம் பழுதானது. அந்த மாத்திரையில் இதே இனத்தைச் சேர்ந்த ஒரு சீனக்கொடியின் வேர் தவறுதலாகக் கலந்திருந்தது. பலருக்குப் பின்னால் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. கசப்பாவது வாயிலேயே எச்சரித்துவிடும். இது சத்தமே போடாது, வருடங்கள் கழித்துத்தான் தெரியும்.

கடைசியாகப் பாம்பு, உங்கள் கேள்வியில் எனக்குத் தூக்கம் கெடுக்கிற பகுதி அதுதான்.

வாசலில் கட்டினால் பாம்பு வராது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. பாம்பு நாக்கை நீட்டிக் காற்றிலும் தரையிலும் உள்ள வாசனையை எடுத்து மேலண்ணத்தில் உள்ள உறுப்பில் வைத்துப் பார்க்கும். அது வருவது வாசல்படி வழியே, கிழங்கு தொங்குவது ஏழடி உயரத்தில். இருவரும் சந்தித்துக்கொள்ளவே வாய்ப்பில்லை. வீட்டைச் சுற்றி எலி வராமல் பார்த்துக்கொண்டு, செங்கல் குவியலையும் விறகையும் சுவரோரத்திலிருந்து நகர்த்தினால் அதைவிடப் பலன் உண்டு.

கடித்தபின் கிழங்கை அரைத்துக் கொடுத்துப் பிழைத்தவர்களை எனக்கும் தெரியும் என்று யாராவது சொல்வார்கள். பொய் சொல்லவில்லை அவர்கள். நம் ஊரில் கண்ணில் படும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப்பாம்பு கடித்தாலும் ஒவ்வொரு கடியிலும் விஷம் இறங்குவதில்லை. அந்தப் பிழைப்பெல்லாம் கிழங்கின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. பிழைக்காதவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கில் ஒன்று நிஜமாகவே விஷத்தை இறக்கியிருந்தால் ஒரே மருந்து விஷமுறிவு ஊசி. கட்டுவிரியன் இன்னும் மோசம்: இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியும் தடமும் பெரிதாக இருக்காது, விடிகாலையில் வயிற்றுவலி, இமை தொங்கல், அப்புறம் மூச்சு நிற்கும். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தைக் கிழங்கு அரைப்பதில் தொலைத்தால் திரும்பக் கிடைக்காது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று 2020இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

காட்டு மூலிகைகளை இருளர்கள் அளவுக்கு அறிந்தவர்கள் குறைவு. அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து, மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில், இந்த நான்கு பாம்புகளின் விஷத்தையும் எடுத்து விஷமுறிவு மருந்து செய்கிறவர்களுக்குக் கொடுத்துவருகிறது. கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து, 108ஐக் கூப்பிட்டு, ஊசி இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. மலையடிவாரக் கோயில் கடைத்தெருக்களிலும் கிரிவலப் பாதைகளிலும் குவித்து விற்கிறார்கள். கொடியும் இலையும் இல்லாத வெறும் கிழங்கைப் பார்த்து இன்னது என்று சத்தியம் செய்ய என்னாலேயே முடியாது, வேறு காட்டுக் கிழங்குகளும் இந்தப் பெயரில் வரும். சாப்பிடக்கூடாது என்பதற்கு அது இன்னொரு காரணம். தொங்கவிட மட்டும் என்றால் காயமில்லாத, கனமான, கல் போன்ற கிழங்காகப் பாருங்கள். பெரியதே வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். பெரிய கிழங்கு என்றால் பல மழை பார்த்த கொடி, அதைப் பிடுங்கினால் அந்த வேலியில் அதோடு முடிந்தது.

முளை நீண்டு, கிழங்கு சுருங்கத் தொடங்கியதும் ஓடும் தண்ணீரில் விடாதீர்கள். ஒரு பெரிய தொட்டியில் பாதி மணல், பாதி செம்மண் போட்டு, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி நட்டு, ஏறுவதற்கு ஒரு குச்சி ஊன்றுங்கள். அளவாகத் தண்ணீர், நிறைய வெயில். கொடி காய்ந்தால் பயப்படாமல் தண்ணீரை நிறுத்திவிடுங்கள், தூங்குகிறது. குழந்தைகள் பழத்தை வாயில் வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா கட்டிய முதல் கிழங்கை நான் அப்படித்தான் மாடியில் நட்டேன். போன ஐப்பசியில் காய்த்தது. இப்போது வாசலில் தொங்குவது இரண்டாவது.